சீப்பில் வாசித்த கிடார்

“சீப்பு எங்கடி?” என்று அம்மாக்கண்ணு கேட்டபோது, ரேணுகாதேவி ஈரத்துணியால் சந்திரனின் கால்விரல்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். குளிப்பாட்டி, புதுவேட்டி கட்டி, வாசல் பந்தலில் பெஞ்சின்மேல் கிடத்தியாயிற்று. தலை மட்டும் வாராமல் கிடந்தது. ரேணுகா உள்ளே போய் லேப்டாப் மேசையிலிருந்து புருஷனின் சீப்பை எடுத்துவந்து மாமியாரிடம் கொடுத்தாள்.

அம்மாக்கண்ணு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இன்னாடி இது, எலி கடிச்சாப்பல? பாதிப் பல்லக் காணோம்.”

“அதுலதான் அவரு கிடாரு வாசிப்பாரு அத்த.”

“எதுல வாசிச்சானோ, போ” என்றாள் கிழவி. மீதிப் பற்களால் மகனுக்கு வகிடு எடுத்துவிட்டு அங்கேயே தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

மாமியார் நம்பவில்லை என்று ரேணுகாவுக்குத் தெரியும். புதூர்நாட்டு மலையில் யாரும் நம்பியதில்லை. ஒடுகத்தூரிலிருந்து கலசப்பாக்கம் வரை எந்தத் திருவிழாவில் பாட்டுக் கச்சேரி நடந்தாலும் கிடாரோடு நின்றவன் சந்திரன். புளி மூட்டை ஏற்றிவந்த ஜீப் வளைவில் கவிழ்ந்ததில் இடது கையில் மூன்று விரல்கள் போயின. அதோடு கிடார் கதை முடிந்தது என்று ஊரே சொன்னது. அவனும் சில மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். பிறகு யாரோ விற்ற பழைய லேப்டாப் ஒன்றை வாங்கிவந்து எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

கம்ப்யூட்டரில் கிடார் வாசிப்பதென்றால் பட்டனைத் தட்டுகிற வேலைதான் என்று ரேணுகா முதலில் நினைத்தாள். கம்பியில் விரல் வைக்கும் பிடி எது வேண்டுமென்று காட்டினால் சாஃப்ட்வேர் வாசித்துவிடும். ஆனால் ஆறு கம்பியும் ஒரே நொடியில் அடிபடும். முதல் அடியும் கடைசி அடியும் ஒரே கனத்தில் விழும். சந்திரனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“கை மேலேர்ந்து கீழ வர்றதுக்கு நேரம் ஆவாதா?” என்று திரையைப் பார்த்துத் திட்டுவான். “திரும்பி மேல போற கை எல்லாக் கம்பியையும் தொடாதுடி. ரெண்டு மூணத்தான் தொடும், அதுவும் சும்மா உரசிகினு போவும். பிடி மாத்துறப்ப வெரல் எடுபட்டு வெறுங்கம்பி கொஞ்சம் கேக்கும். அதான் ஆளு வாசிக்கிறது. இது மிஷினு வாசிக்குது.”

அதற்கு அவன் கண்டுபிடித்த வழிதான் சீப்பு. படுத்தபடி சீப்பை மொட்டைக் கையால் நெஞ்சோடு அழுத்திக்கொள்வான். வலது கையில் கிடார் வாசிக்கும் வில்லையை எடுத்துப் பாட்டுக்கு ஏற்றபடி பற்களின்மேல் இழுப்பான். கீழே வரும்போது நீளமாக ஒரு சர்ர். மேலே போகும்போது குட்டையாக ஒரு சிரிக். நெஞ்சின்மேல் வைத்த போன் அதைப் பதிவு செய்யும். அந்தப் பதிவை ஒரு டிராக்கில் போட்டுக்கொண்டு, சாஃப்ட்வேர் கிடாரின் ஒவ்வொரு அடியையும் மவுஸால் தள்ளித் தள்ளிச் சீப்புச் சத்தத்தின்மேல் உட்காரவைப்பது ரேணுகாவின் வேலை. பிடி மாறுவதற்கு முந்தின அடி எப்போதும் துளி சீக்கிரமாகவே விழும். கச்சேரிக் காலத்தில் அவனை எல்லாரும் பஸ்ஸுக்கு ஓடுகிறவன் என்று கிண்டல் செய்யவைத்த அவசரம் அது. அதை அவள் சரிசெய்யப் போனால் கோபம் வரும். எல்லாம் முடிந்ததும் பாட்டை அனுப்புவதற்கு முன்னால், “சீப்ப அமுக்கிட்டியா?” என்று தவறாமல் கேட்பான். அவள் சீப்பு டிராக்கை ஊமையாக்கிவிட்டு அனுப்புவாள்.

இந்த வருஷம் இருதயம் வீங்கிப்போனது. ஒரு நாளைக்கு ஒரு பாட்டில் தண்ணீர்தான், மீறினால் நெஞ்சில் நீர் கோத்துக்கொள்ளும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாட்டில் ரேணுகாவின் கையில் இருந்தது. கட்டிய புருஷனிடம் போலீஸ் வேலை பார்ப்பது லேசான காரியமில்லை. அவன் கெஞ்சுவான், கொஞ்சுவான், கொடுமைக்காரி என்பான். அவள் அரைத் தம்ளருக்கு மேல் ஊற்றமாட்டாள். ஒருநாள் அதைப் பார்த்துவிட்ட அம்மாக்கண்ணு, “பச்சத் தண்ணிக்குக்கூடவா எம் புள்ள உங்கிட்ட கையேந்தணும்?” என்று கத்திவிட்டுப் போனாள். அதற்குப்பிறகு பல நாள் மருமகளிடம் பேசவில்லை. அத்தனை காவல் காத்தும் இன்று விடியற்காலை அவன் போய்விட்டான். எதற்காகக் காத்தோம் என்று காலையிலிருந்து அவளுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது.

கோகுல்ராஜ் ஓசூரிலிருந்து வந்து சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. தம்பிக்காகத்தான் எடுக்காமல் வைத்திருந்தார்கள். அண்ணன் காலைக் கட்டிக்கொண்டு அழுது ஓய்ந்தபின் அவன் ரேணுகாவிடம் வந்தான்.

“அண்ணி, என் கல்யாணப் பாட்டு முடிச்சிட்டாரா?”

தை மாதம் அவனுக்குக் கல்யாணம். மெட்டுப் போட்டு, பாடவைத்து, கிடாரும் நானே வாசிக்கிறேன் என்று சந்திரன் வாக்குக் கொடுத்திருந்தான்.

“கடைசிச் சரணம் பாக்கி தம்பி. சீப்பு இழுத்துட்டாரு. நாந்தான் இன்னும் ஒக்கார வைக்கல.”

“இருக்கிறது போதும். ஸ்பீக்கர் வண்டியில அதத்தான் வைக்கப் போறேன். அண்ணன் கையால வாசிச்சதக் கேட்டுகினே போவட்டும்.”

“கடைசியில மிஷினு மாதிரி அடிக்கும் தம்பி.”

“யாருக்குத் தெரியப் போவுது அண்ணி?”

ரேணுகா பெஞ்சைப் பார்த்தாள். இந்த மிஷின் சத்தம் என் பேரில் வெளியே போனால் செத்தாலும் எனக்குக் கண் மூடாது என்று அவன் விளையாட்டாகச் சொல்லியிருக்கிறான். அவள் எழுந்து உள்ளே போனாள். லேப்டாப்பைத் தூக்கிவந்து அவன் காலடியில் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

பந்தலில் ஒப்பாரி நின்றுவிட்டது. “பொணத்த வெச்சிகினு பொட்டிய நோண்டுறாளே” என்று பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள். அம்மாக்கண்ணு மருமகளை வெறித்துப் பார்த்தாள்.

ரேணுகாவின் காதில் சீப்பு இழுபட்டது. சர்ர், சர்ர் சிரிக். ஊடே அவன் மூச்சு. நேற்று முன்தினத்து மூச்சு, மேடு ஏறுகிறவனைப் போல வாங்கிக்கொண்டிருந்தது. திரையிலிருந்து கண்ணை எடுத்தால் அந்த மூச்சுக்கு ஆள் இல்லை என்பது தெரிந்துவிடும். அவள் எடுக்கவில்லை. ஒவ்வோர் அடியாகத் தள்ளினாள். மேலே போகும் அடிகளின் கனத்தைக் குறைத்தாள். பிடி மாறும் இடத்தில் அவன் அவசரம் வந்தது. அதைத் துளியும் திருத்தாமல் வைத்தாள். கடைசி இழுப்பு வந்தபோது கண்ணை நீர் மறைத்தது.

“நேரம் ஆவுதுடி!” என்று அம்மாக்கண்ணு அவள் தலையிலிருந்து ஹெட்போனைப் பிடுங்கினாள். மைக்செட் வடிவேலு பக்கத்தில் வந்து நின்று, “குடுக்கா, நான் போட்டுக்கறேன்” என்று பென்டிரைவை நீட்டினான். ரேணுகா பாட்டை முழுசாக ஏற்றிக் கொடுத்தாள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

தூக்கினார்கள். ஸ்பீக்கர் கட்டிய ஜீப் முன்னால் போனது. மலையில் பெண்கள் புதைக்கும் குழிமேட்டுக்குப் போவதில்லை. எல்லாரும் வாசலிலேயே நின்றார்கள். வீடு கழுவக் குடங்களில் தண்ணீர் தயாராக இருந்தது. பாட்டு ராகித் தோட்டங்களைத் தாண்டி நன்றாகவே கேட்டது. முதல் சரணம் போயிற்று. கூட்டம் பலாமரத்து வளைவுக்குப் போனபோது கடைசிச் சரணம் வந்தது. கிடாருக்கு அடியில் என்னவோ உரசியது. ரேணுகாவுக்கு அப்போதுதான் உறைத்தது. இந்தச் சரணத்தின் சீப்பை அவள் அமுக்கவில்லை.

சர்ர், சர்ர் சிரிக். மூச்சு. வாசல்படியில் உட்கார்ந்துவிட்ட அம்மாக்கண்ணு தலையைத் தூக்கினாள்.

பாட்டு முடிந்தது. உரசல் நின்றது. வடிவேலு நிறுத்துவதற்குள் ஸ்பீக்கரில் சந்திரன் பேசினான்.

“ரேணு, நாக்கு வறளுது. ஒரு வாய் தண்ணி குடேன்.”

“இன்னிக்கி அளவு முடிஞ்சிச்சி. சும்மா கேக்காதீங்க.”

மலை முழுக்க அவள் குரல் கேட்டது. அப்புறம் அவன் சிரித்த சத்தம். அதோடு ஸ்பீக்கர் அணைந்தது.

பாடையோடு கூட்டம் வளைவிலேயே நின்றுவிட்டது. வாசலில் இருந்தவர்கள் ரேணுகாவைப் பார்த்தார்கள். அவள் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டாள். மாமியார் அடிக்கட்டும், நாலு பேர் எதிரில் தலைமுடியைப் பிடித்து இழுக்கட்டும் என்று நின்றாள். அப்படியாவது நடந்தால் தேவலை என்றிருந்தது.

அம்மாக்கண்ணு எழுந்தாள். வீடு கழுவக் குடத்தைத் தூக்கிய பெண்ணிடம், “இரு, கவுக்காத” என்றாள். உள்ளே போய்ச் சொம்பைக் கொண்டுவந்தாள். குடத்தில் முக்கி மொண்டு ரேணுகாவிடம் நீட்டினாள்.

“எடுத்துகினு போ.”

“அத்த, பொம்பளைங்க அங்க...”

“எம் புள்ள நிக்கிறான் பாரு. போ.”

ரேணுகா வாங்கிக்கொண்டு பாதையில் இறங்கினாள். வளைவில் கோகுல்ராஜ் அவளைப் பார்த்துவிட்டுத் தூக்கியவர்களிடம் ஏதோ சொன்னான். அவர்கள் பாடையை மெல்லக் கீழே இறக்கினார்கள்.

அவள் வேகமாக நடக்கப் பார்த்தாள். முடியவில்லை. சொம்பு விளிம்பு வரை நிறைந்திருந்தது.