‘எங்களைப் பற்றி’ பக்கத்துக்குத் தினமும் நாற்பது நிமிடம்

மூன்று வாரமாக என் கணவர் மகேஸ்வரன் ஃபோனை எடுத்துக்கொண்டு வாசலில் கார் பக்கம் போய்ப் பேசுகிறார். மறுமுனையில் ஒரு பெண். அவர் குளிக்கப் போன நேரத்தில் பார்த்துவிட்டேன். ‘வசந்தினி வெப்சைட்’ என்று சேமித்திருந்தார். பெயரோடு தொழிலையும் ஒட்டிவைத்தால் எனக்குச் சந்தேகம் வராது என்று நினைப்பு!

தினமும் பாலம் தாண்டிப் போய்வந்த சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டு, மலேசியாவில் எங்கள் ஊரான கூலாயிலேயே சொந்தமாகப் பிளம்பிங் கம்பெனி தொடங்குகிறார். அதற்கு வெப்சைட் வேண்டுமாம். அதில் ‘எங்களைப் பற்றி’ என்று ஒரு பக்கமாம். அந்த ஒரு பக்கத்துக்கு அதை எழுதித்தரும் ஜோகூர் பாருக்காரி ஒருத்தியோடு தினமும் நாற்பது நிமிடம் என்ன பேச்சு? தங்கை மலரிடம் சொன்னேன்.

“கண்ண தொறந்து வச்சிக்க லா, அக்கா,” என்றாள்.

காதையும் திறந்து வைத்தேன். இருப்பது ஒரே புருஷன், சும்மா விட்டுவிட முடியுமா?

நேற்று மாலை ஜன்னலருகே துணி மடிப்பதுபோல் நின்றேன்.

“இத நான் யாருகிட்டயும் சொன்னதில்லங்க. வீட்டுலகூட,” என்றார். மடித்த துணியைப் போட்டுவிட்டு நேரே வெளியே போனேன்.

“வீட்டுல சொல்லாதது என்னங்க அது?”

அவர் பேச்சை முடித்துக்கொண்டு ஃபோனை என்னிடமே நீட்டினார். அவள் அனுப்பியிருந்த பக்கம் திரையில் இருந்தது.

‘ஒன்பது ஆண்டுகள் சிங்கப்பூர் அடுக்குமாடி வீடுகளில், அடைத்துக்கொண்ட கழிப்பறைகளை என் கையாலேயே சரிசெய்தேன். கையில் நாற்றம் போகும்வரை கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குப் புறப்படுவேன். உங்கள் வீட்டு அடைப்பைப் பார்த்து முகம் சுளிக்கமாட்டேன். மகேஸ்வரன்.’

சூப்பர்வைசர் மாப்பிள்ளை என்றுதான் எனக்குக் கட்டிவைத்தார்கள். சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் நானும் அதையே பெருமையாகச் சொல்லி வந்தேன்.

“ஒம்போது வருசமா பொய்யா?” கத்திவிட்டேன்.

“பொண்ணு பார்க்க வந்தப்ப எங்க மாமாதான் அப்படிச் சொன்னாரு. நான் மறுத்துப் பேசல. தப்புதான்.”

“அவகிட்ட மட்டும் எப்படி வாய் வந்துச்சு?”

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை.

“மொத நாளே கேட்டாங்க. காலையில வேலைக்குப் போனா என்னென்ன செய்வீங்கன்னு. நீ கேட்டதே இல்லயே, கஸ்தூரி.”

கேட்டிருப்பேன் என்று சண்டை போட வாய் திறந்தேன். சம்பளம் போட்டாச்சா என்று கேட்டிருக்கிறேன். பாலத்தில் நெரிசலா, ஏன் லேட்டு என்று கேட்டிருக்கிறேன். சட்டைப் பையைக்கூடத் துழாவியிருக்கிறேன். அந்த ஒன்றை மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை.