பின்வாசல் தொட்டி

"இன்னும் ரெண்டு வரிசை போடுங்க. சுவரை ஒட்டி இடம் இருக்கே," என்றாள் டாக்டரின் மனைவி.

நாற்காலி இறக்க வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். துக்க வீட்டில் வாதாட முடியுமா? போட்டார்கள். வாசலில் தொடங்கிய வரிசைகள் தெருவில் பாதியை அடைத்துக்கொண்டன. உள்ளே கூடத்தில் டாக்டர் படுத்திருந்தார். காலையில் பல் தேய்க்கப் போனவர் குளியலறை வாசலிலேயே சாய்ந்துவிட்டார். தலைமாட்டில் மகள் உட்கார்ந்திருந்தாள். அவளும் அப்பாவின் தொழிலுக்கே வந்தவள். கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து அடித்துப் பிடித்து வந்து சேர்ந்திருந்தாள்.

"எதுக்குடி இவ்வளவு? நம்ம சொந்தம் மொத்தமும் வந்தாலே நாலு வரிசை தாண்டாது," என்றாள் மனைவியின் அக்கா.

"வருவாங்க. நீயே பாரு."

அந்த நாற்காலிகள் அக்காவுக்காகத்தான் போடப்பட்டன என்று சொன்னாலும் தப்பில்லை. கல்யாணமான நாளிலிருந்து அக்கா வாயில் அவள் 'பன்னி டாக்டர் பொண்டாட்டி'. விசேஷங்களில் அவர் பக்கத்தில் உட்காருகிறவர்கள் மூக்கைத் தடவிக்கொண்டு சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். அவளுக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். நாய், பூனை பார்த்திருந்தால் ஏசி அறையில் சொகுசாக உட்கார்ந்திருக்கலாம். மனுஷன் பன்றியைத் தவிர எதையும் தொடமாட்டேன் என்றார். பன்றி மருத்துவர்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கி, அதற்காக ஊர் ஊராக அலைந்தார். சாப்பாட்டு நேரத்தில் பண்ணைக்காரர்கள் யாராவது போன் செய்தால், "பன்னி பக்கத்துல போனை வைப்பா, இருமலைக் கேக்கறேன்" என்பார். குடும்பமே பன்றியின் இருமலைக் கேட்டுக்கொண்டு சாப்பிட்டு எழுந்தது.

அந்தப் பண்ணைக்காரர்கள் அத்தனை பேரும் இன்று வரப்போகிறார்கள். தெரு கொள்ளாமல் வரப்போகிறார்கள். அதை அக்கா கண்ணாரப் பார்க்க வேண்டும். அது ஒன்று நடந்துவிட்டால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

அலமாரியில் இருந்த அவருடைய போன் அடித்தது. எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனாள். அங்கே பிளாஸ்டிக் தொட்டி கவிழ்ந்து கிடந்தது. தினமும் சாயங்காலம் அதில் கிருமி கொல்லும் மருந்துத் தண்ணீர் கலந்து வைப்பது அவள் வேலை. பண்ணையிலிருந்து வருகிறவர் பூட்ஸோடு அதில் நின்றுவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார். வீட்டுக்கு முன்வாசல் ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது என்று கேலி செய்வார்கள். காலையில் முதல் வேலையாக அவள்தான் அதைக் கவிழ்த்தாள். இனி யாருக்கு?

"அம்மா, மேட்டுப் பண்ணையிலேர்ந்து பேசறேன்."

"சொல்லுப்பா. கிளம்பிட்டியா?"

"இல்லம்மா. என்னால வர முடியாது. மன்னிச்சிடுங்க."

அவளுக்குச் சுருக்கென்றது. "உனக்காக எத்தனை நாள் சாப்பாட்டுல பாதியில எழுந்து வந்திருக்காரு, தெரியுமா?"

"தெரியும்மா. அதனாலதான் வரல." அவன் தயங்கினான். "இன்னைக்குப் போய் இதைச் சொல்லக் கூடாது. ரெண்டு தாய்ப் பன்னி செத்துப்போச்சு. மத்ததெல்லாம் தீனியத் தொடல. காதெல்லாம் நீலமாயிடுச்சு. இப்படி ஆனா இன்னொரு பண்ணைக்காரன் மூஞ்சியில முழிக்காதேன்னு டாக்டர் சொல்வாரு. அங்க வந்தா எல்லாரும் இருப்பாங்களே."

"பன்னி பக்கத்துல போனை வை."

தன் வாயிலிருந்தா அது வந்தது என்று அவளே திடுக்கிட்டாள். இருமல் கேட்கவில்லை. இழுத்து இழுத்து வாங்கும் மூச்சுதான் கேட்டது. அந்தச் சத்தத்தை முன்பு ஒரு தடவை கேட்டிருக்கிறாள். அன்று அவர் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு ஓடினார். அந்த வருஷம் பண்ணை பண்ணையாகக் குழி வெட்டிப் பன்றிகளைப் புதைத்தார்கள்.

"தீவன லாரி வந்துச்சா?"

"நேத்து வந்துச்சும்மா. இங்க இறக்கிட்டு எல்லார் பண்ணைக்கும்தான் போச்சு."

போனை வைத்தாள். லாரிச் சக்கரத்தோடு போன நோய் இப்போது யார் யார் செருப்பில் இருக்கிறதோ. அவர்கள் வந்து தோளோடு தோள் இடித்து உட்காருவார்கள். திரும்பி நேராகத் தங்கள் கொட்டகைக்குப் போவார்கள். இது அவளுக்கும் மேட்டுப் பண்ணைக்காரனுக்கும் மட்டும்தான் தெரியும். நாளைக்குச் சொன்னால் என்ன? அவர் எழுந்து வந்து கேட்கப்போகிறாரா? தலைபோகிற காரியமா? ஆமாம், பன்றிகளுக்குத் தலைபோகிற காரியம்தான்.

கூடத்துக்குப் போய் அவர் முகத்தைப் பார்த்தாள். "இன்னைக்குமா?" என்று முணுமுணுத்தாள். பிறகு மகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

மகளின் முகம் வெளுத்துவிட்டது. "கிட்டத்துல இருக்கிற பன்னி டாக்டர் நான்தான். ஆனா அங்க போயிட்டா திரும்ப இந்தக் கூட்டத்துக்குள்ள வர முடியாதும்மா. அப்பாவை எடுக்கும்போது..."

"தெரியும். அவர் வண்டியை எடுத்துக்க. பூட்ஸ் டிக்கியில இருக்கு."

மகள் அப்பாவின் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு பின்வாசல் வழியாகப் போனாள்.

சங்கத்துச் செயலாளர் இரங்கல் உரையைப் பையில் வைத்துக்கொண்டு அப்போதுதான் வந்து இறங்கினார். அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்: "பண்ணைக்காரங்க எல்லாருக்கும் போன் போடுங்க. யாரும் வர வேணாம். தீவன லாரியையும் நிறுத்தச் சொல்லுங்க."

விஷயத்தைக் கேட்டதும் செயலாளர் தலையில் கை வைத்தார். "பாதிப் பேர் வழியில இருப்பாங்களேம்மா."

"அப்போ வண்டிய விட்டு இறங்க வேணாம்னு சொல்லுங்க."

பிற்பகலில் அவரை எடுத்தார்கள். உறவுக்காரர்கள் உட்கார்ந்து எழுந்த முன்வரிசைகளைத் தவிர நாற்காலிகள் எல்லாம் துடைத்து வைத்தபடியே கிடந்தன. அக்கா அவற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்தாள். ஏதாவது சொல்லித் தொலைத்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது மனைவிக்கு.

அவரைக் கொண்டுபோன வண்டிக்குப் பின்னால் ஒரு காரில் அவளும் அக்காவும் போனார்கள். தெருமுனை திரும்பியதும் வண்டிகள் நின்றிருந்தன. சாலை ஓரமாக, ஒன்றுக்கொன்று நல்ல இடைவெளி விட்டு, வேன்களும் சின்ன லாரிகளும் கார்களும். எல்லாவற்றிலும் கண்ணாடி ஏற்றியிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஒவ்வொருவரும் கைகூப்பியபடி இருந்தார்கள். ஒரு தடித்த ஆள் ஸ்டியரிங்கில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

"யாருடி இவங்கல்லாம்?" என்றாள் அக்கா.

"அவரோட ஆளுங்க."

"ஏன் ஒருத்தர்கூட இறங்கல?"

"இறங்கக் கூடாதுன்னு அவர்தான் சொல்லிக் கொடுத்திருக்காரு."

அக்கா வண்டிகளை எண்ண ஆரம்பித்தாள். பாலம் வந்தும் வரிசை முடியவில்லை. எண்ணுவதை விட்டுவிட்டுத் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள். மனைவிக்கு அழுகையும் பெருமையும் ஒன்றாக வந்தன. இரண்டையும் அவள் அடக்கவில்லை.

சாயங்காலம் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, பின்பக்கம் அவருடைய வண்டியின் சத்தம் கேட்டது.  அவள் ஓடிப் போய்ப் பார்த்தாள். வாசற்படிக்கு வெளியே மகள் நின்றிருந்தாள். அப்பாவின் பூட்ஸ் முழங்கால் வரை தொளதொளவென்றிருந்தது.

"பண்ணையை மூடியாச்சு. ரத்தம் எடுத்து அனுப்பிட்டேன். அந்த நோய் மாதிரிதான் இருக்கும்மா. ஆனா வேற எங்கயும் இன்னும் ஆரம்பிக்கல."

"சரி."

"அப்பாவை..."

"நல்லபடியா அனுப்பிட்டோம். எல்லாரும் வந்திருந்தாங்க."

தொட்டியை நிமிர்த்தினாள். தண்ணீர் ஊற்றி, வழக்கம்போல மூடியால் அளந்து மருந்தைக் கலந்தாள். தண்ணீர் மெல்ல ரோஜா நிறமாக மாறியது.

"அங்கயே நல்லா கழுவிட்டுத்தான் வந்தேன்மா."

"இங்கயும் நிக்கணும்."

மகள் தொட்டிக்குள் இறங்கினாள். நின்றபடியே அழத் தொடங்கினாள்.

"அசையாத. இன்னும் கொஞ்ச நேரம்," என்று சொல்லிவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அம்மா படியில் நின்றாள்.