இரண்டு முறை மேலே

மேனஸ் பிரெஸ்லின் தன் அறுபத்து மூன்றாவது வயதில் பச்சை குத்திக்கொள்ளக் கிளம்பியது அயர்லாந்தின் கில்லிபெக்ஸ் துறைமுகத்தில் ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. தெரிந்திருந்தால் ஊரே வாயைப் பிளந்திருக்கும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் மகன் கோனல் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பச்சை குத்திக்கொண்டு வந்து நின்றபோது, வலை பின்னும் கூடத்தில் எல்லார் முன்னாலும் அவன் மானத்தை வாங்கியவர் இதே மேனஸ்தான்.

கோனல் இறந்து இருபத்தாறு நாள் ஆகிறது. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் கட்டட வேலை. சாரத்திலிருந்து விழுந்துவிட்டான். பெட்டி விமானத்தில் வந்தது. இரண்டு நாள் வீட்டிலேயே வைத்திருந்தார்கள். புதுக் கோட்டு, கோத்த விரல்களில் ஜெபமாலை. சட்டைக்கை மணிக்கட்டு வரை இருந்ததால் பச்சை வெளியே தெரியவில்லை. ஊர்க்காரர்கள் வரிசையில் வந்து மேனஸின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நானூறு பேர் இருக்கும். நானூறு பேரிடமும் "வந்ததுக்கு நன்றி, டீ குடிச்சிட்டுப் போங்க" என்றார். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. அடக்கம் முடிந்த மறுநாள் காலையில் கூடத்துக்குப் போய், பாதியில் விட்டிருந்த வலையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மனைவி ஊனா அவரைத் திட்டக்கூட இல்லை.

கல்நெஞ்சன் என்று ஊர் பேசியது. பேசட்டும், உண்மைதானே என்று அவரும் நினைத்துக்கொண்டார். உள்ளே எவ்வளவு துழாவினாலும் கைக்கு ஒன்றும் அகப்படவில்லை. சூப்பில் உப்பு இருக்கிறதா என்பது கூடத் தெரியவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்கு இன்னும் நாலு நாள்தான். அதற்குள் மகன் கையில் இருந்த பச்சை அச்சு அசலாகத் தன் கைக்கு வந்துவிட வேண்டும். ஏன் என்று கேட்டால் அவரால் பதில் சொல்ல முடியாது. உள்ளம்தான் மரத்துப் போய்விட்டது, தோலாவது அவனைத் தெரிந்துகொள்ளட்டும் என்று ஒரு நினைப்பு. ஊனாவின் போனிலிருந்து ஒரு படத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி ஸ்லைகோ நகரத்துக்குப் போனார். கோனல் கடற்கரையில் மீனைத் தூக்கிக் காட்டும் படம். கை தெளிவாகத் தெரிந்தது.

பச்சை குத்தும் கடைக்காரி டெர்வ்லாவுக்கு நாற்பது வயது இருக்கும். படத்தைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது.

"இது நான் போட்டது. நான் குத்தின மூணாவது கை இது. நீங்க..."

"அவங்கப்பன், மேனஸ். அவன் போயிட்டான். எனக்கு அதே மாதிரி வேணும். இம்மி மாறக் கூடாது."

அவள் ஆறுதல் சொல்ல வாயெடுத்தாள். மேனஸ் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுச் சட்டைக்கையை மடிக்க ஆரம்பித்தார். ஆறுதல் எல்லாம் வீட்டில் நிறையக் கிடந்தது.

சிக்குக் கோலம் போல ஒரே இழை சுற்றிச் சுற்றி வந்து தன் வாலைத் தானே பிடிக்கும் வடிவம் அது. ஒரு குறுக்கில் இழை மேலே போனால் அடுத்த குறுக்கில் கீழே நுழைய வேண்டும். சட்டம் அவ்வளவுதான். டெர்வ்லா உள்ளே போய் வரைந்துகொண்டு வந்து, தாளை அவர் கையில் அழுத்தி உரித்தாள். ஊதா நிறத்தில் வடிவம் இறங்கியிருந்தது. மேனஸ் ஆள்காட்டி விரலை முழங்கையில் வைத்து இழையோடு இறங்கினார். மேலே, கீழே, மேலே, கீழே. நாற்பத்தைந்து வருஷம் வலை பின்னிய விரல் அது. மணிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது.

"இது அவனுது இல்ல."

"அதேதான், மேனஸ். படத்தைப் பாத்துத்தான் எடுத்தேன்."

"கடைசியிலேருந்து நாலாவது குறுக்கு. அங்க ரெண்டு தடவ மேலயே போவும். நீ கீழ விட்டிருக்க."

டெர்வ்லாவுக்குக் காது வரைக்கும் சிவந்துவிட்டது. "அது தப்புங்க. அப்ப நான் கத்துக்குட்டி, கை நடுங்கிச்சு. இப்ப சரி பண்ணிட்டேன்."

"உன்ன யாரு சரி பண்ணச் சொன்னா?"

"தெரிஞ்சே தப்பாப் போடச் சொல்றீங்களா?"

"தப்பாப் போடு. சரியாப் போட்டா அது எவனோ ஒருத்தன் கை."

ஸ்பிரிட் தொட்டு அந்த இடத்தைத் துடைத்துவிட்டுப் பேனாவால் மறுபடி வரைந்தாள். பழக்க தோஷம், இழை கீழேதான் போனது. இன்னொரு தடவை துடைத்தாள், இன்னொரு தடவை சரியாகவே வந்தது. மேனஸ் பேனாவைப் பிடுங்கி, தன் கையில் தானே தப்பைப் போட்டுக்கொண்டார்.

ஊசி ஓட ஆரம்பித்தது.

"வலிக்குதா?"

"ஏதோ நடக்குதுன்னு தெரியுது."

சும்மா குத்திக்கொண்டிருக்க டெர்வ்லாவுக்கு வரவில்லை. "உங்க பையன் ரொம்பப் பெருமையா இருந்தான். முன்னோர்கள் எல்லாம் இதக் குத்திக்கிட்டுத்தான் சண்டைக்குப் போனாங்கன்னு சொன்னேன், அப்படியே நம்பிட்டான்."

"என்கிட்டயும் வந்து அதத்தான் சொன்னான். உன் முப்பாட்டன் குளிக்கிறதுக்கே சட்டையக் கழட்டாத மனுஷன், சண்டைக்கு எங்க கழட்டப் போறான்னு கேட்டேன்."

டெர்வ்லா சிரித்துவிட்டாள். "நீங்க சொன்னதுதான் கிட்டத்தட்ட சரி. அப்ப கடையில கிடந்த படப் புத்தகத்துல போட்டிருந்தத நானும் நம்பினேன். அப்புறந்தான் தேடிப் படிச்சேன். வடக்க, கடலுக்கு அந்தப் பக்கம் உடம்புல கோலம் போட்ட ஜனங்க இருந்தாங்கன்னு ரோமாபுரிக்காரன் எழுதி வச்சிருக்கான். ஊசியா, வெறும் சாயமா, யாரு கண்டா? இந்தப் பின்னல் சாமியார்ங்க வேலை. மடத்துல உக்காந்து வேதப் புத்தகத்துல வரைஞ்சது. மனுஷன் தோல்ல இல்ல, கன்னுக்குட்டித் தோல்ல. கைக்கு வந்து அம்பது வருஷம்கூட இருக்குமோ என்னமோ."

"கன்னுக்குட்டித் தோல்லயா?"

"ஆமா."

"அப்ப நம்ம பயலுக்குப் பொருத்தம்தான்."

சொல்லிவிட்டு மேனஸ் சுவரைப் பார்த்தார். மகனைப் பற்றி இருபத்தாறு நாளில் அவர் சொன்ன முதல் கேலி அது. அதுவும் அவரை ஒன்றும் செய்யவில்லை.

"தப்ப எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று டெர்வ்லா கேட்டாள்.

"வந்த அன்னிக்கே. கையப் பிடிச்சு எல்லாருக்கும் காட்டினேன். இந்தப் பின்னல்ல ஒரு கானாங்கெளுத்திகூட நிக்காது, நழுவிப் போயிடும்னேன். கூடமே சிரிச்சுது. அப்புறம் அவன் பெர்த்துலேருந்து ஞாயித்துக்கிழமை கூப்புடுவான். நான் எடுத்தா, 'என்னடா, மீனு நழுவிடுச்சா?'ம்பேன். 'இல்லப்பா, நிக்குது'ம்பான். அப்புறம் போன அம்மாகிட்ட குடுத்துடுவேன்."

"வேற ஒண்ணும் பேச மாட்டீங்களா?"

"வேற என்ன பேசறது?"

ஊசி மணிக்கட்டை நெருங்கியிருந்தது. டெர்வ்லா அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அவன் ஆஸ்திரேலியா போறதுக்கு முன்னாடி வாரம் இங்க வந்தான். எனக்கு அந்தத் தப்பு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. உக்காருடா, கொஞ்சம் பட்டையாக்கி மறைச்சுத் தர்றேன், இன்னிக்கே முடிச்சிடலாம்னேன். வேண்டாம்னுட்டான்."

"ஏனாம்?"

"எங்கப்பா என்கிட்ட பேசுறதே இத வச்சுத்தான், நீங்க பாட்டுக்கு சரி பண்ணிட்டா அவரு பாவம் எதப் பேசுவாருன்னு கேட்டான்."

டெர்வ்லா குனிந்து, அந்த நாலாவது குறுக்கில் இழையை மேலே ஏற்றினாள். அடுத்ததிலும் மேலே. ரத்தம் பொடித்ததைத் துடைத்தாள். மேனஸ் கையைப் பார்க்கவே இல்லை. இத்தனை வருஷமும் மகனை மட்டம் தட்டிக்கொண்டிருப்பதாகத்தான் அவர் நினைத்திருந்தார். அந்தப் பயல் அதை ஏதோ சொத்து மாதிரி பத்திரப்படுத்தி வைத்திருக்கிறான்.

"வேற என்ன சொன்னான்?"

"வேற... ஞாபகம் இல்லையே. அவசரத்துல இருந்தான்."

"யோசிச்சுப் பாரு."

"ரொம்ப நாளாச்சு, மேனஸ்."

"எதுனாலும் பரவால்ல. மழையப் பத்திச் சொல்லியிருந்தாலும் சொல்லு."

அவள் நிஜமாகவே யோசித்தாள். "கால்பந்து பத்திப் பேசினான். அந்த ஞாயித்துக்கிழமை நம்ம ஆளுங்க தோத்துட்டாங்க இல்ல, டிவியில போட்டானே. அந்த கோல்கீப்பரத் திட்டித் தீத்துட்டான். கடைசி நிமிஷத்துல கோல் போஸ்ட விட்டு ஏன் ஏறி வந்தான், அவன நிக்க வச்ச இடத்துல நிக்கச் சொல்லுங்கன்னு கத்துறான். பக்கத்துல படுத்திருந்த கஸ்டமர் பயந்துட்டாரு."

மேனஸ் முதல் தடவையாக அவளை நேருக்கு நேர் பார்த்தார்.

"ஏறி வந்துருக்கக் கூடாது," என்றார். "எனக்கும் அந்த கோல்கீப்பர் மேலதான் கோவம். ராத்திரி தூக்கமே வரல."

"கோனல்கிட்ட சொன்னீங்களா?"

அவர் குனிந்து கையைப் பார்த்தார். குத்தின இடம் இப்போதுதான் எரிய ஆரம்பித்தது.

"ரெண்டு பேரும் ஒரே சோபாவுல உக்காந்துதான் பாத்தோம்," என்றார். "ஆட்டம் முடிஞ்சதும் நான் எழுந்து படுக்கப் போயிட்டேன்."