தூக்குவாளி மூடி

அடுத்த வீட்டு ஓமனா பாலாடையை நீட்டியபோது அதில் அடி மறையும் அளவுக்குத்தான் பால் இருந்தது. "இன்னு இத்திரயே உள்ளு, சேச்சி. குஞ்ஞினு வேண்டே?" என்று, குழந்தைக்கும் வேண்டாமா என்பதுபோல் மலையாளத்தில் கேட்டாள். அவள் இடுப்பில் எட்டு மாதப் பிள்ளை பசியில் வீறிட்டுக்கொண்டிருந்தது. பகவதியம்மாளுக்கு உடம்பு கூசிப்போயிற்று. பதினோரு நாளாக அந்தக் கைக்குழந்தையின் பங்கைக் கேட்டு வாங்கித் தன் புருஷன் கண்ணில் விடுகிறாள். தாய்ப்பால் விட்டால் எரிச்சல் அடங்கும், அடங்கவும் செய்தது. ஆனால் மறுநாள் கொட்டகைக்குப் போய் வந்தால் தங்கப்பனின் கண் பழையபடி சிவந்து, மண்ணை வாரிப் போட்டதுபோல் உறுத்தும். நேற்று அவன் தண்ணீர்ச் செம்பை எடுக்க நீட்டிய கை, செம்புக்கு இரண்டு விரற்கடை தள்ளி விழுந்தது. அவள் பார்த்துவிட்டாள். அவன் பார்க்காததுபோல் இருந்தான்.

எல்லாம் ஒரு துண்டுக் கண்ணாடியால் வந்த வினை. தங்கப்பன் சாலைக் கடைத்தெருப் பக்கம் சினிமாக் கொட்டகையில் ஆபரேட்டர். படத்துக்கு வெளிச்சம் தரும் விளக்குப் பெட்டிக்குள் இரண்டு கார்பன் குச்சிகள் முனைக்கு முனை நின்று எரியும். எரிய எரியத் தேயும். தேயத் தேயக் கையால் திருகி நெருக்கிக் கொடுக்க வேண்டும். அந்த நெருப்பைப் பார்க்கப் பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையளவு கறுப்புக் கண்ணாடி உண்டு. அது சூட்டில் வெடித்து விழுந்ததிலிருந்து அவன் வெறுங்கண்ணால் பார்க்கிறான். மானேஜர் வெங்கடகிருஷ்ணன் மெட்ராஸுக்கு எழுதியிருக்கிறாராம். சுதந்திரம் வந்து ஐந்து வருஷமாகியும் ஒரு கண்ணாடித் துண்டு வந்து சேர வழியில்லை. அதுவரை ஷோ நிற்கக் கூடாது. ஆபரேட்டரின் கண் போகலாம்.

மத்தியானம் சோற்றுத் தூக்குவாளியோடு அவள் போனபோது மானேஜர் வாசலில் நின்றிருந்தார். மூக்கில் புதுசாக ஒரு கறுப்புக் கண்ணாடி.

"வந்துண்டே இருக்கு அம்மா. அதுவரைக்கும் நேரா பாக்காம ஒதுங்கிப் பாக்கச் சொல்லுங்கோ."

"உங்க கண்ணுக்கு என்ன?"

"வெயில் தாங்கலை. உஷ்ண உடம்பு." பிறகு தாராளமாகச் சிரித்தார். "வெள்ளிக்கிழமை புதுப்படம். ரெண்டு பாஸ் தரேன், வாங்கோ."

 அவள் வழக்கமாக மாடிப்படியின் கீழே வைத்துவிட்டுப் போகிற தூக்குவாளியை எடுத்துக்கொண்டு ஆபரேட்டர் அறைக்குப் போகும் இரும்புப் படியில் ஏறினாள்.

படம் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியில் கண்ணாடி விழுந்த துவாரத்திலிருந்து பாய்ந்த வெள்ளை வெளிச்சத்தில் முகத்தைக் கொடுத்து, கன்னமெல்லாம் கண்ணீர் வழிய, தங்கப்பன் குனிந்து நின்றான். அவள் தூக்குவாளியின் மூடியைக் கழற்றி, முந்தானையைச் சேர்த்துப் பிடித்துத் துவாரத்தின் மேல் வைத்து அழுத்தினாள்.

"நீ எதுக்கு இங்க வந்த? மூடிய எடு. குச்சி அகலுது. படம் கறுத்துப்போவும்."

"கறுக்கட்டும். ஒரு பச்சப்பிள்ளைக்க பாலத் தட்டிப் பறிச்சு எத்தன நாளைக்கு இவனுவளுக்குப் படம் ஓட்டுவேரு?"

அவன் நினைத்திருந்தால் அவளைத் தள்ளியிருக்கலாம். திருகுபிடியைத் தொட்ட கை அப்படியே நின்றது. சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான்.

கீழே திரை மஞ்சளாகி, பழுப்பாகி, அணைந்தது. விசில் பறந்தது. பெஞ்சுகளைத் தட்டினார்கள். இரும்புப் படி அதிர மானேஜர் ஏறி வந்தார்.

"என்ன அக்கிரமம் இது. எடுங்கோ அதை."

"எடுக்கேன். அந்தக் கண்ணாடியக் கழத்திட்டு நீங்க வந்து இதுல பாருங்க. ஒரு ரீலு போதும்."

நெருப்பு அடங்கிய பின்னும் பெட்டியின் சூடு மூடியில் ஏறி முந்தானை தீய்கிற வாடை வந்தது. அவள் கையை எடுக்கவில்லை. வெங்கடகிருஷ்ணனின் கை மூக்குக்குப் போயிற்று. கழற்றிவிடுவார் என்றுதான் கண்ணை இடுக்கிப் பார்த்த தங்கப்பனும் நினைத்தான். அவர் அந்தக் கண்ணாடியை மூக்கோடு இன்னும் கொஞ்சம் அழுத்திவிட்டுக்கொண்டார்.