மஹிபாலின் முழங்கால்

கமலேஷ்வரி பனி மூடிய சரிவில் கால் வைத்ததும் அடியில் ஏதோ அமுங்கியது. டொம்மென்று, வயிற்றுக்குள் கேட்பதுபோல ஒரு சத்தம். காலடியிலிருந்து கிளம்பிய விரிசல் மேலே பாறைவரை ஓடியது. மூச்சை அடக்கிக்கொண்டு, வந்த தடத்திலேயே கால் வைத்துப் பின்வாங்கினாள்.

உச்சிக்குப் போக அந்தச் சரிவைக் குறுக்கே கடந்தாக வேண்டும். இரவெல்லாம் அடித்த காற்று, பழைய உறைபனியின் மேல் புதுப்பனியை வாரிக் கொட்டியிருந்தது. இதே சரிவில் பனி சரிந்து விழுந்து புதைந்தவர்களை, முன்னொரு குளிர்காலத்தில், கம்பியால் குத்திக் குத்தித் தேடியவர்களில் அவளும் ஒருத்தி. கம்பி உடம்பில் இறங்கும்போது கைக்குத் தெரியும்.

அவள் தான் வழிகாட்டிக் கூட்டிவந்த ஆட்களை முகாமிலேயே விட்டுவிட்டுப் பாதை பார்க்க வந்திருந்தாள். திரும்பும்போது மஹிபால் எதிரே ஏறி வந்தான். அவள் கூடப்பிறந்த தம்பி, அவனும் வழிகாட்டிதான். பின்னால் டெல்லிக்காரர்கள் நாலைந்து பேர், வெயிலைப் பார்த்த சந்தோஷத்தில் பாடிக்கொண்டு வந்தார்கள்.

விரிசலைப் பற்றிச் சொன்னாள். நேற்று இதே வழியாகப் போய் வந்தேன் என்றான் அவன். நேற்று காற்று இல்லை என்றாள். டெல்லிக்காரர்களில் தாடி வைத்தவன், லீவு போட்டு வந்திருக்கிறோம், பாதியில் திரும்ப முடியாது என்றான்.

"அக்கா, உனக்குப் பயம்னா நீ கீழ போ. என் ஆளுங்க முன்னாடி என் மானத்த வாங்காத."

"செத்தா மானம் எதுக்குடா?"

அவன் அவளைத் தோளால் இடித்துத் தள்ளினான். அவள் அவன் பையைப் பிடித்து இழுத்தாள். இருவரும் உறைபனியில் உருண்டார்கள். அவன் முழங்கை அவள் வாயில் இறங்கியது. பல் ஒன்று உடைந்து நாக்கில் குத்தியது. எழுந்தவன் காலை அவள் பிடிக்க, உதைத்தான். பூட்ஸில் கட்டியிருந்த இரும்பு முட்கள் அவள் தொடையைக் கிழித்தன. வெள்ளைப் பனியில் ரத்தம் ஆவி பறக்க விழுந்தது. அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் சரிவைப் பார்த்து நடந்தான்.

கமலேஷ்வரி பனிக்கோடாலியின் கூர்முனையைத் தன் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டாள். எட்டி நடந்துபோய், பின்னாலிருந்து அதன் காம்பால் அவன் முழங்காலில் ஓங்கி அடித்தாள். விறகு முறிகிற சத்தம். அவன் மாடுபோல அலறினான். தாடிக்காரன் ஓடிவந்து அவள் கழுத்தைப் பிடித்தான். அவன் மூக்கில் தலையால் முட்டினாள். மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். இனி யார் மேலே போகிறீர்கள் என்று கோடாலியை ஓங்கிக் கேட்டாள். டெல்லிக்காரர்கள் ஒவ்வொருவராகக் கீழே திரும்பினார்கள்.

ஊன்றுகோல்களை வைத்து மஹிபாலின் காலைக் கட்டி, தார்ப்பாயில் கிடத்தி இழுத்துக்கொண்டு இறங்கினாள். வழியெல்லாம் அவன் அவளைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். பாறையில் இடித்தபோதெல்லாம் அழுதான். அவள் அடிக்கொரு தடவை திரும்பிச் சரிவைப் பார்த்தாள். அது வெயிலில் சும்மா கிடந்தது. அன்றைக்கும் விழவில்லை, மறுநாளும் விழவில்லை.

ஊரில் மஹிபாலின் மனைவி ருக்மா எல்லார் முன்னாலும் அவள் கன்னத்தில் அறைந்தாள். கமலேஷ்வரி வாங்கிக்கொண்டாள். பிறகு யாரும் அவளை மலைக்குக் கூப்பிடவில்லை. பனி உருகி, மலையில் புராஞ்ச் மரங்கள் சிவப்பாகப் பூத்த பிறகும், அந்தச் சரிவின் பனி எப்போது சரிந்து இறங்கியது என்று பார்த்தவர் இல்லை.

அப்போதுதான் அவள் தம்பி வீட்டுக்குப் போனாள். மஹிபால் வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். முழங்கால் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"உண்மையச் சொல்லு. அன்னிக்கு அது விழுந்திருக்குமா?"

"தெரியாது."

"தெரியாமலா என் கால ஒடச்ச?"

"தெரியாததுனாலதான்டா ஒடச்சேன்."

கையிலிருந்த டீ கிளாஸை அவள் மேல் வீசினான். நெற்றியில் பட்டு உடைந்தது. அவள் முக்காட்டு நுனியால் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு அவன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, இன்னொரு டீ கொண்டுவரச் சொல்லி உள்ளே பார்த்துக் கத்தினான் மஹிபால். யாருக்கென்று ருக்மா கேட்டதற்கு, கொண்டுவா என்று மட்டும் திரும்பக் கத்தினான்.