பிடுங்கக் கூடாத பிளக்

“பெரிய பாயிண்ட் எங்க பையா? ஜல்தி காட்டு.” அப்பாவின் உடலை வைக்க ஃப்ரீசர் பெட்டி கொண்டுவந்த மன்சூர் அலி வயரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்த வீட்டில் பெரிய பாயிண்ட் ஒன்றுதான். அதில் பிரைட்டனின் பேட்டரி செருகியிருந்தது. அவன் குனிந்து பிளக்கில் கை வைத்தான்.

“இருய்யா,” என்றாள் அம்மா செல்வமேரி. அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது. “கம்ப்யூட்டர்ல ஏதும் ஓடுதான்னு பாத்துட்டுப் புடுங்கு. சும்மா புடுங்கினா கெட்டுப்போகும்லா?”

குத்திக்காட்டவில்லை, நிஜமாகவேதான் கேட்டாள். துக்கத்துக்கு வந்திருந்த பெண்கள் அவனையே பார்த்தார்கள். பிரைட்டன் பிடுங்கினான். பேட்டரி பீப் பீப் என்று கத்தத் தொடங்கியது. அந்தப் பேட்டரியில் ஓடும் வீடியோ ஸ்டோரேஜ் பெட்டி மட்டும் நிற்கவில்லை, அதன் பச்சை விளக்கு அதுபாட்டுக்கு எரிந்தது.

அவனும் மனைவி ஜாக்குலினும் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர்கள். கீழே ஒரு கம்ப்யூட்டர், பரணில் ஒன்று. முன்பெல்லாம் ஹார்ட் டிஸ்க்கைக் கையில் பிடித்துக்கொண்டு ஏணியில் ஏறி இறங்க வேண்டும். போன வருடம் அவனே சுவரோரமாகக் கேபிள் இழுத்து, இரண்டு கம்ப்யூட்டருக்கும் பொதுவாக அந்தப் பெட்டியை வைத்தான். ஒரு முழுக் கல்யாணமும் டீ ஆறுவதற்குள் மேலே போய்விடும். வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் உட்காரவைத்து ஓட்டிக் காட்டினான், அப்படி ஒரு பெருமை. கரண்டு போனால் டிஸ்க் கெட்டுவிடக் கூடாதென்று பேட்டரியும் வாங்கிப் போட்டான். ஒருநாள் அம்மா மிக்ஸி போடுவதற்காகப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட, அவன் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டது. அதற்கப்புறம் அந்த மூலைக்கு யாரும் விளக்குமாறுகூடக் கொண்டுபோனதில்லை.

இன்று மதியம் அவனும் ஜாக்குலினும் மாட்டுங்காவில் ஒரு கல்யாண வீட்டுக்கு வீடியோ கொடுக்கப் போயிருந்தபோது தாராவியில் கரண்டு போனது. மூச்சுக் கோளாறில் படுத்திருந்த அப்பா வேதமுத்துவின் ஆக்சிஜன் மிஷின் நின்றது. பேட்டரியில் மாட்டியிருந்தால் சிலிண்டர் வரும்வரை ஓடியிருக்கும். அம்மாவுக்கும் அது தோன்றியிருக்கிறது. பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி மிஷினை மாட்டத்தான் போயிருக்கிறாள்.

“அவியதான் கையக் காட்டி வேண்டாம்னுட்டாவ,” என்று பிரைட்டன் ஓடிவந்ததும் சொன்னாள். “பிள்ளைக்கு வேல கெட்டுரும்னு. நான் மெடிக்கலுக்கு ஓடி சிலிண்டரோட வாரதுக்குள்ள...”

அப்பா நல்லவர் என்பதற்கு ஒரு சாட்சி போலத்தான் அதைச் சொன்னாள். பிரைட்டனுக்கு அழுகைகூட வரவில்லை. வெட்கமாக இருந்தது. பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது.

மன்சூர் அலி வயரைச் செருகினார். ஃப்ரீசர் பெட்டி உறுமியது. அப்பாவை அதற்குள் கிடத்தி மூடினார்கள். அப்போது டோம்பிவிலியிலிருந்து அக்கா ஆனி வந்துவிட்டாள். “யப்பா!” என்று கண்ணாடிமேல் விழுந்தாள். அடித்துக்கொண்டு அழுதாள். அழுகை கொஞ்சம் ஓய்ந்ததும் மூலையிலிருந்து வந்த பீப் சத்தம் அவள் காதில் விழுந்தது.

“அது பேட்டரிதான? கரண்டு போனப்போ அப்பா மிஷின அதுல மாட்டலையாம்மா?”

பக்கத்து வீட்டு மாரிசெல்வி, அப்பா கையைக் காட்டியபோது கூடவே நின்றவள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தரையைப் பார்த்தாள். சொல்லிவிட வேண்டும் என்று பிரைட்டன் நிமிர்ந்தான்.

“அது அந்நேரம் வேல செய்யலம்மா,” என்றாள் செல்வமேரி. பிரைட்டனைப் பார்க்கவில்லை.

“நெசமாவால?” ஆனி அவனிடம் கேட்டாள்.

பேட்டரி இன்னும் கத்திக்கொண்டிருந்தது. அவன் அதன் சுவிட்சை அணைத்தான்.

“ஆமாக்கா,” என்றான்.

“நீ என்னல செய்வ, பாவம்,” என்று ஆனி அவன் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.