வியாழக்கிழமை ஐந்து மணி

2009 செப்டம்பர். மிருணாளினிக்குப் பல்கலைக்கழகம் தொடங்க இரண்டு நாள் இருக்கையில், தாய் கோசலை அவளைப் புறநகரான பியர்ஃபித்திலிருந்து பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலுக்குக் கூட்டிவந்தாள். இராஜதுரையின் கணினிக் கடையில் இரண்டு மடிக்கணினிகள் இருந்தன. ஒன்று புத்தம் புதிது. மற்றது வெள்ளை, பாவித்தது.

இராஜதுரை இரண்டையும் திறந்து காட்டினார். புதியது நல்ல வேகம், பற்றரி ஐந்து மணித்தியாலம் நிற்கும். ஆனால் கட்டுரை எழுதும் மென்பொருள் அறுபது நாளுக்குத்தான் வேலை செய்யும். வெள்ளையில் எழுதவும் கணக்குப் போடவும் மென்பொருள், பிரெஞ்சு அகராதி, நாட்காட்டி என்று ஒரு மாணவிக்கு வேண்டியதெல்லாம் முழுசாக இருந்தன. விலையும் பாதி. ஆனாலும் புதியதையே எடுக்கச் சொன்னார். ஏனென்று கேட்டதற்கு, பழசு பழசுதானே என்றார். விலை கூடியதன் குறையையும் மறைக்காமல் சொல்லும் வியாபாரியைக் கோசலை முன்பு கண்டதில்லை. நேர்மையான மனுசன் என்று நம்பி, வெள்ளையையே வாங்கினாள்.

முதல் வியாழக்கிழமை பின்னேரம் மிருணாளினி நூலகத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். சரியாக ஐந்து மணிக்குத் திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி எழும்பியது. பிரெஞ்சு எழுத்தில், ஆனால் தமிழில் எழுதியிருந்தது: 'அப்பாவோட கதைக்கோணும்.'

அவளுடைய அப்பா அவளுக்கு ஐந்து வயதிலேயே செத்துப்போனவர். அவள் கணினியை மூடிவிட்டாள். அடுத்த வியாழன், வீட்டில், தாயின் கண்முன்னாலேயே அது மறுபடி வந்தது. கோசலை சாமிப்படத்தடியில் போய் நின்றுவிட்டாள்.

மிருணாளினி நாட்காட்டியைத் திறந்தாள். ஒவ்வொரு வியாழனும் அதே வரி. 2010, 2011 என்று எவ்வளவு தூரம் தள்ளிப் பார்த்தாலும் முடியவில்லை. மேலே பெயர் இருந்தது: பூரணி இராஜதுரை.

மூன்றாவது வியாழன் கணினியோடு கடைக்குப் போனாள். இராஜதுரை நிலத்தைப் பார்த்தபடி சொன்னார். பூரணி அவருடைய மகள். லீல் நகரில் இந்தக் கணினியோடுதான் படித்தாள். வியாழன் வகுப்பு முடிந்ததும் அவருக்கு ஃபோன் எடுத்துக் கதைப்பாள். இரண்டு வருடத்துக்கு முன் வீதி விபத்தில் போய்விட்டாள். விற்குமுன் அதிலிருந்த அவளுடைய படங்களை எல்லாம் எடுத்துவிட்டாராம்; நாட்காட்டியில் இப்படி ஒன்று இருப்பது அவருக்குத் தெரியாது.

"நான் அழிச்சுவிடட்டோ?" என்று மிருணாளினி கேட்டாள்.

அவர் பதில் சொல்லுமுன் ஐந்து மணியாயிற்று. பெட்டி எழும்பியது. அவர் அதை வாசித்தார். அவருடைய கை தானாகச் சட்டைப்பைக்குள் போய் ஃபோனைத் தொட்டது.

"அழிக்காதேங்கோ, பிள்ளை. இஞ்சை வையுங்கோ."

புதிய கணினியை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

நவம்பரில் ஒரு வியாழன் மிருணாளினி அந்தக் கடையைத் தாண்டிப் போனாள். உள்ளே சாமான் வாங்க வந்த இரண்டு பேர் நின்றார்கள். வெள்ளைக் கணினிக்கு முன்னால் இராஜதுரை ஃபோனைக் கையில் பிடித்தபடி இருந்தார். முகம் வழித்து, நல்ல சட்டை போட்டிருந்தார்.

"அஞ்சு நிமிசம் பொறுங்கோ," என்று அவர் அவர்களிடம் சொன்னது வெளியிலும் கேட்டது. "மகள் எடுக்கிற நேரம்."

அதற்குப் பிறகு வியாழக்கிழமைகளில் அவள் கார் து நோர் ரயில் நிலையத்துக்கு வேறு தெருவால் போனாள்.